ஒன்று இரண்டாகும் இடம்

ஹற்றனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்வோர் வழிநெடுகக் காண்பவை இடுப்பளவு உயர்ந்த தேயிலைச் செடிகள். தன்போக்கில் வளர விட்டால் முப்பது அடிக்கும் மேலாக ஓங்கி மரமாகிவிடும் இயல்புடையவை அவை. அவற்றைச் செடியாகவே நிறுத்தி வைத்திருப்பது கவ்வாத்துக் கத்தியாகும்.

செடியின் நுனியில் உண்டாகும் ஒட்சின் என்னும் பொருள், கீழுள்ள பக்க அரும்புகளை உறங்க வைக்கின்றது. இதனை உச்சியாட்சி என்பர் தாவரவியலார். நுனி நீங்கியதும் அரும்புகள் விழித்தெழுந்து கிளைக்கின்றன. கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்கள் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் கிள்ளும்போது நிகழ்வதும் இதுவே. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைத் தொழில், இந்த ஒரு விதியின்மீதே வளர்ந்தது எனலாம்.

ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பத்து முறை பிரிந்தால் 1,024 கிளைகள் கிடைக்கும். இருபது முறை பிரிந்தாலோ பத்து இலட்சத்தையும் கடந்துவிடும். சிறிய இடத்தில் பெரும் பரப்பை அடக்க இதனினும் எளிய வழி வேறுண்டோ?

இதே கணக்கு நம் நெஞ்சுக்குள்ளும் நடைபெறுகின்றது. மாணவர்கள் வாதனாளி என்று படிக்கும் மூச்சுக்குழல், நெஞ்சினுள் இரண்டாகப் பிரிகின்றது. பின்னர் ஏறத்தாழ இருபத்து மூன்று முறை கிளைக்கின்றது என்று, 1963ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் சுவிற்சர்லாந்து அறிஞர் ஏவால்ட் வைபெல் கணித்துக் காட்டினார். அக்கிளைகளில் அமைந்த சிற்றறைகள் முப்பது கோடிக்கும் மேற்பட்டவை.

முள்ளந்தண்டு விலங்குகள் பலவற்றில் இக்கவர் பல வடிவம் கொள்கின்றது. பறவைகளுள் பெரும்பாலானவற்றின் குரலுறுப்பு மூச்சுக்குழல் பிரியும் இடத்திலேயே அமைந்துள்ளது. பாம்புகள் பெரும்பாலானவற்றில் இடது சுவாசப்பை மிகச் சிறுத்தோ இல்லாமலோ போய், வலதே மூச்சின் சுமையைத் தாங்குகின்றது.

மனிதரிடத்தும் இரு கிளைகள் சமமானவை அல்ல. வலக்கிளை அகன்றது, குறுகிய நீளமுடையது, நேராகக் கீழிறங்குவது. ஆதலால் புரையேறி உட்செல்லும் கச்சான் பருப்போ புளியங்கொட்டையோ பெரும்பாலும் வலப்பக்கமே சென்று அடைக்கின்றது.

இங்கேதான் பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். கச்சான் தின்ற குழந்தை திடீரென இருமித் திணறிப் பின் அமைதியடைந்தால், ஆபத்து நீங்கிற்று என்று நாம் எண்ணலாகாது. பருப்பு உள்ளே தங்கிச் சில நாள்களின் பின் காய்ச்சலும் சளியுமாக வெளிப்படுவதுண்டு. அதனைச் சாதாரணத் தடிமன் என்று கருதி நாளைக் கடத்துவோரும் உளர். இருமல் நின்றுவிட்டாலும் குழந்தையை வைத்தியரிடம் கொண்டு சென்று, தின்ற பொருள் இன்னதென்று தவறாது சொல்லுதல் வேண்டும். மூச்சுவிடவே முடியாது தவிக்கும் பிள்ளையின் தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவே முதுகில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டுதல் முதலுதவியாகும். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரல்விட்டுத் துழாவுதல் கூடாது. அது பொருளை மேலும் உள்ளே தள்ளிவிடும்.

வைத்தியசாலைக்கு நெடுந்தொலைவு மலைப்பாதையில் இறங்கவேண்டிய தோட்ட லயங்களில், வருமுன் காத்தலே சிறந்த மருத்துவம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கச்சானை முழுதாகக் கொடாது, அரைத்தோ இடித்தோ கொடுப்போமாக.