உங்களுக்குத் தெரியுமா? ஜெர்மனியில் பூட்டிய அமெரிக்க ‘ஈட்டி’!

ஃபோர்டு மஸ்டாங்குக்குப் போட்டியாக, அமெரிக்காவின் ஏ.எம்.சி. நிறுவனம் 1968 மாடலாக இறக்கிய கார் ஜாவலின். பெயருக்கு ‘ஈட்டி’ என்று பொருள். அசல் அமெரிக்க மஸில் காரான இது ஜெர்மனியிலும் தயாரானது!

ஃபோக்ஸ்வேகனுக்காக அழகழகான கர்மான் கியா கார்களைச் செய்துகொடுத்த அதே கர்மான் நிறுவனம்தான், ரைனே நகரில் இருந்த தன் ஆலையில் இதைப் பூட்டியது. பாகங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவற்றைப் பிரித்து, ஒன்றுசேர்த்து, பெயின்ட் அடித்து, ஓட்டிப் பார்த்த பிறகே வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள். ‘ஜாவலின் 79-கே’ என்று பெயரும் வைத்தார்கள்.

பானெட்டைத் தூக்கினால் உள்ளே 5.6 லிட்டர் வி8 இன்ஜின். பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர்கள். 1968-இல் ஃபோக்ஸ்வேகனின் பீட்டில் காரின் பெரிய இன்ஜினே 1.5 லிட்டர்தான் என்றால், இது ஜெர்மனிச் சாலையில் எப்படி உறுமியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1970 வரை இப்படித் தயாரானவை சுமார் 280 கார்கள் மட்டுமே. பழைய கார் கண்காட்சி எதிலாவது ஒன்று கண்ணில் பட்டால், விடாமல் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.