சுமந்தவன் கழுத்துக்கே கயிறு!

"கஞ்சாதானே!" என்று அலட்சியமாகச் சொல்லும் வழக்கம் நம் ஊரில் உண்டு. இங்கே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கிலோ வரை 'சிறு அளவு'. பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை. அந்த ஒரு கிலோவில் பாதிக்கு மேல் கடத்தியதாகச் சிங்கப்பூரில் முடிவானால், தூக்கு!

பிழைக்கப் போகும் தோழர்களிடம் தரகர்கள் சம்பளத்தைச் சொல்கிறார்கள், சட்டத்தைச் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தாலே விற்கக் கொண்டுவந்தவர் என்று சட்டம் கொள்ளும். பை உங்கள் கையில் இருந்தால், உள்ளே இருப்பது இன்னதென்று உங்களுக்குத் தெரியும் என்றும் கொள்ளும். இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? பிடிபட்டவரேதான்! "ஊர்க்காரர் கொடுத்தார், ஊறுகாய் என்றார்" என்பது அங்கே எளிதில் எடுபடாது. வெறும் சுமைகாரர்தான் என்று காட்டி, அதிகாரிகளுக்குப் பெரிதும் துணைநின்றதாகச் சான்றும் பெற்றால் உயிர் தப்பலாம். எப்படி? ஆயுள் தண்டனையும் 15 பிரம்படியும்!

2023 ஏப்ரல் 26 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டவர் 46 வயதுத் தமிழர், அந்நாட்டுக் குடிமகன். வழக்குக்குரிய கஞ்சா 1,017.9 கிராம். சரக்கு அவர் கையில் பிடிபடவில்லை. இரண்டு தொலைபேசி எண்களும் மற்றவர் சாட்சியமும் அவரைப் பிணைத்தன. வாக்குமூலத்தின்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்றார், நீதிமன்றம் நம்பவில்லை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள நாட்டில் இந்த நிலை!

மலேசியாவில் 2023இல் கட்டாயத் தூக்கை நீக்கினார்கள். மகிழ்ச்சி. ஆனால் நீங்கியது 'கட்டாயம்'தான். நீதிபதி விரும்பினால் தூக்கு இன்றும் உண்டு.

தாய்லாந்து வேறு கதை. 2022 ஜூன் 9இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், தெருவெங்கும் கடைகள். 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று கட்டினார்கள். பாங்காக்கில் பகலில் கடையில் வாங்கிய பொட்டலம், இரவு சாங்கியில் இறங்கும்போது கடத்தல் சரக்கு! மீனம்பாக்கத்திலும் அப்படியே. இலவசமாய் உல்லாசப் பயணம் என்று ஆசைகாட்டிப் பெட்டியைக் கொடுத்தனுப்புகிறார்கள். கொடுத்தவன் சாய்வு நாற்காலியில், சுமந்தவன் சிறைக் கொட்டடியில்!

பிறர் கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் வாங்காதீர்கள், தோழர்களே. கொடுப்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அயல்நாட்டில் பிடிபட்டால் வாக்குமூலத்துக்கு முன் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்; 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் தந்த உரிமை அது, கேட்டால்தான் கிடைக்கும். தூதரகத் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். பிடித்ததும் முதலில் பறிப்பது அதைத்தான். தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். வீட்டிலும் ஒரு படி இருக்கட்டும்.