தென்னந்தோப்பில் ஆய்வுக் குழிகள்

மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் வட்டத்தில் இருக்கிறது கீழடி. ஊரை ஒட்டிய பள்ளிச்சந்தைத் திடல் சுமார் 110 ஏக்கர் மேட்டு நிலம். பெரும்பகுதி விவசாயிகளின் பட்டா நிலம், தென்னந்தோப்பு. வைகைக் கரையோர ஊர்களில் பழைய குடியிருப்புகளைத் தேடிய மத்திய தொல்லியல் துறையினர், 2015-இல் இங்கே முதல் குழிகளைத் தோண்டினர். 2018 முதல் தமிழக அரசின் தொல்லியல் துறை இப்பணியைத் தொடர்ந்தது.

இந்த மேடு தப்பியதற்குத் தோப்பும் ஒரு காரணம். வேறு பல ஊர்களில் நத்தமேடு, கோட்டைமேடு என்று பெயர் மட்டும்தான் மிச்சம். மேட்டை வெட்டி வயலைச் சமன் செய்தாயிற்று. சூளைக்கு மண் அள்ளியாயிற்று. தென்னை நின்ற இடத்தில் அவ்வளவு ஆழமாக யாரும் கை வைக்கவில்லை.

குழி எடுக்கும் முறை

மேடு முழுவதையும் ஒரே மூச்சில் தோண்டுவதில்லை. பானை ஓடுகள் மேலே அதிகம் சிதறிக் கிடக்கும் இடத்தில், மரங்களுக்கு நடுவே, நூல் பிடித்துச் சதுரக் குழிகள் எடுக்கிறார்கள். 10 மீட்டர் சதுரத்தை நான்காகப் பிரித்து, குழிக்குக் குழி வரப்பு விடுவார்கள். இந்த வரப்பு நடப்பதற்கு மட்டும் அல்ல. அதன் பக்கச் சுவரில் மண் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். சாம்பல் மண், களிமண், ஆற்று மணல் என்று எது எப்போது படிந்தது என்பதை அதில் படிக்கலாம். மண்வெட்டியை விடச் சிறு கொத்தும் தூரிகையுமே அதிகம் வேலை செய்யும். எடுத்த மண்ணைச் சலிப்பார்கள். மனிதன் கைபடாத கன்னி மண் வரும் வரை இறங்குவார்கள்.

கீழடியில் செங்கல் சுவர்கள், சுடுமண் உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. 353 சென்டிமீட்டர், அதாவது சுமார் 11½ அடி ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் அறிவிக்கப்பட்டது. எலும்புத் துண்டுகளைச் சோதித்ததில் காளை, பசு, எருமை, ஆடு ஆகியவை தெரியவந்தன. அங்கே வாழ்ந்தவர்களுக்கும் மாடு கன்று இருந்திருக்கிறது.

நிலத்துக்கு என்ன ஆகும்?

'குழி தோண்ட விட்டால் நிலம் போய்விடும்' என்ற பயம் கிராமங்களில் உண்டு. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இருப்பதே ஓர் ஏக்கர் என்றால் ஒரு போகம் போவதே பெரிய நஷ்டம். ஆனால் குழி எடுப்பதாலேயே நிலம் கைமாறிவிடாது. அரசு நிலத்தை எடுப்பதென்றால் அதற்குத் தனி ஆணையும் இழப்பீடும் வேண்டும். எத்தனை மாதம், எத்தனை சென்ட், மரத்துக்குச் சேதம் வந்தால் என்ன என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொன்றை அவசியம் கேட்க வேண்டும். மேல் மண்ணைத் தனிக் குவியலாகவும் அடி மண்ணைத் தனியாகவும் கொட்டச் சொல்ல வேண்டும். மூடும்போது அடி மண் மேலே வந்துவிட்டால் அந்த இடத்தில் பயிர் சில ஆண்டுகள் சவலையாகவே நிற்கும். மூடிய குழி ஒரு மழைக்காலத்தில் கட்டாயம் அமுங்கும். அது அடங்கும் வரை தென்னங்கன்று வைக்காமல், சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, தொழு உரம் இட்டு நிலத்தைத் தேற்றலாம்.

கிணறு வெட்டும்போதோ வரப்பு வெட்டும்போதோ தாழியோ உறைகிணறோ தட்டுப்பட்டால், அதைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இருந்த இடத்தை விட்டு எடுத்துவிட்டால் ஆய்வாளருக்குப் பாதிச் செய்தி போய்விடும். புதையுண்டு கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லி வைக்கலாம். சர்வே எண்ணோடு, எத்தனை அடி ஆழத்தில், எந்த நிற மண்ணில் கிடைத்தது என்பதையும் குறித்துக் கொடுத்தால், பார்க்க வருகிறவர்களுக்கு எங்கே குழி போடுவது என்று தெரியும்.