கல்லில் ஒரு கோயில், மனத்தில் ஒரு கோயில்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, ஏரிக்கரையை ஒட்டிய சிறு குன்றின் மேல் அமைந்திருக்கிறது பனமலைத் திருக்கோயில். ‘தாளம்’ என்றால் பனை. ‘கிரி’ என்றால் மலை. ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டு இறைவன் தாளகிரீஸ்வரராக எழுந்தருளியுள்ளார். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாலயத்தை எழுப்பியவன் இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் இராசசிம்ம பல்லவன். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் அவன் கட்டியதே.

பனமலையில் பொறிக்கப்பட்டுள்ள ஒரு வடமொழிச் சுலோகம், காஞ்சிக் கோயில் கல்வெட்டின் இறுதியிலும் அப்படியே காணப்படுகிறது. இரணசயன், ஸ்ரீபரன், சித்திரகார்முகன், ஏகவீரன், சிவசூடாமணி என்ற பட்டங்களை அடுக்கி, இம்மன்னன் நெடுங்காலம் புவியைக் காக்கட்டும் என்று வாழ்த்துகிறது அது. காஞ்சியிலோ அவனுடைய பட்டங்கள் 200-க்கும் மேல். தன் பெயரைக் கல்லில் காண்பதில் அரசனுக்கு விருப்பம் இருந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இந்த அரசனைத்தான், பூசலார் நாயனார் வரலாற்றில் வரும் காடவர்கோன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். பெரியபுராணத்தில் சேக்கிழார் அரசனின் இயற்பெயரைச் சொல்லவில்லை. கச்சியில் கற்கோயில் எடுத்தவன் என்றே குறிப்பிடுகிறார். திருநின்றவூர்ப் பூசலாரும் சிவனுக்கு ஆலயம் எழுப்ப விழைந்தார். பொருள் தேடி அலைந்தும் கிட்டவில்லை. கல், மரம், தச்சர் எனத் தேவையான அனைத்தையும் நினைவாலேயே சேர்த்து, நல்ல நாளில் தொடங்கி, கோபுரம் முதல் குளம் வரை உள்ளத்துக்குள் கட்டி முடித்தார். அவர் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் அரசன் குறித்த நாளும் ஒன்றாக அமைந்தன. இறைவன் அரசனின் கனவில் தோன்றி, “நாம் அன்று பூசலன் ஆலயத்தில் எழுந்தருள வேண்டும், நீ உன் நாளை மாற்றிக்கொள்” என்ற பொருள்பட அருளினார்.

அறவியலின் மூலக் கேள்வி ஒன்று இக்கதைக்குள் இருக்கிறது. ஒரு செயலின் மதிப்பு அதைச் செய்வோனின் எண்ணத்தில் உள்ளதா, அதனால் விளையும் பயனில் உள்ளதா? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். விவரம் அறியாத சிறுவனிடமும் அவர் கூடுதல் விலை வாங்குவதில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் போய்விடுவார்களே என்பதற்காக மட்டும் அவர் அப்படி நடந்தால், செயல் முறையானது என்னலாமே தவிர, அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்பது கான்ட்டின் தீர்ப்பு. ஜான் ஸ்டூவர்ட் மில் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நின்றார். நீரில் மூழ்குபவனைக் காப்பாற்றியவன் கடமைக்காகச் செய்தாலும், பரிசுக்காகச் செய்தாலும், செய்தது சரியே. நோக்கம் மனிதனின் தரத்தைக் காட்டுமே அன்றிச் செயலின் தரத்தை மாற்றாது என்றார். கரையில் நிற்கும் தாய்க்கு மில் சொல்வதே பிடிக்கும்.

நம் மரபு எந்தப் பக்கம்? திருக்குறளின் ‘அறன் வலியுறுத்தல்’ அதிகாரம் மனத்தூய்மையையே அறமாகக் கொள்கிறது. பூசலார் கதையும் அப்படியே என்று தோன்றும். ஆயினும் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இறைவன் அரசனின் கோயிலை ஒதுக்கவில்லை. நாளை மட்டுமே தள்ளிவைக்கச் சொன்னார். பூசலாரும் முதலில் பொருள் தேடி அலைந்தவர். முடியாதபோதுதான் மனத்தை நாடினார். கையில் வசதியை வைத்துக்கொண்டு, “எனக்கு மனத்தாலே கும்பிட்டால் போதும்” என்று திருப்பணி நன்கொடைச் சீட்டைத் திருப்பித் தருபவருக்குப் பூசலார் துணைக்கு வரமாட்டார்.

அரசனின் நடத்தையும் எளிதில் கடந்துவிடக் கூடியதன்று. திருநின்றவூர் சென்று கோயில் எங்கே என்று கேட்டான், எவருக்கும் தெரியவில்லை. பூசலாரிடம் உண்மையை அறிந்ததும் அவர் காலில் விழுந்து வணங்கித் திரும்பினான். அத்தனை பட்டங்கள் கொண்டவன், பொருளற்ற ஓர் அடியவருக்கு இரண்டாவதாக நிற்கச் சம்மதித்தான். அவன் பெயரைப் பொறித்ததில் பெருமிதம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த எழுத்துகள் இல்லையேல் பனமலையைக் கட்டியவன் யார் என்று இன்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. குழல்விளக்கின் மேல் உபயதாரர் பெயரைப் பெரிதாக எழுதி, பாதி வெளிச்சத்தை மறைக்கும் நம் வழக்கத்துக்கு இந்தச் சமாதானம் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

பனமலைக் கோயிலின் ஒரு சிற்றாலயச் சுவரில் பல்லவர் கால ஓவியம் எஞ்சியிருக்கிறது. மகுடம் அணிந்த உமையம்மை, தலைக்கு மேல் குடை விளங்க, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். அவள் காண்பது சிவனின் நடனம். ஆடும் பெருமானின் உருவமோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. தீட்டியவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.