டொலர் ஏறினால் கருவியும் ஏறும், இரும்பும் ஏறும்

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360. உலோகம் கண்டறியும் கருவிகள் வெளிநாட்டிலிருந்து வருபவை. உதாரணத்துக்கு 500 டொலர் கருவி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதன் டொலர் விலை மாறாமலே 100,000 ரூபா 180,000 ஆகிவிடும். இறக்குமதி வரி தனி.

வன்னியில் மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்களுக்கு வெளிநாட்டு நாணயத்தில் உதவி வருவதால் இந்தச் சுமை குறைவு. ரூபாவில் உழைத்து, பொழுதுபோக்குக்காக வாங்க நினைப்பவருக்கே முழு அடி.

அதே டொலர் பழைய இரும்பின் விலையையும் உயர்த்தும். காணியைக் கிண்டிப் பார்க்கும் ஆசை அப்போதுதான் கூடும். கருவி உலோகம் இருப்பதைச் சொல்லும். அது ஆணியா வெடிபொருளா என்று சொல்லாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள்.