காலில் பூட்டிய விலங்கு!

"என்னால் முடியாது!" இந்த எண்ணமே பலர் காலில் விலங்கு. நீலகிரி நடுவட்டத்தில் மலைச் சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்கும் தாய்கூட, "எழுத்து எனக்கு வராது" என்று சொல்லிவிடுவதுண்டு.

அவரைப் போன்ற உழைப்பாளிப் பெண்கள்தான் புதுக்கோட்டையில் இந்த விலங்கை உடைத்தார்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தோடு சைக்கிள் விடவும் பழக்கினார்கள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் அளித்தார்.

"பெண் சைக்கிள் விடுவதா?" என்று கேலி பேசினார்கள் சிலர். பெண்கள் விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டியே விட்டார்கள்! கல் உடைப்பவர்களும் வயலில் உழைப்பவர்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் தாங்களே போனார்கள்.

கால்களில் பலம் முன்பே இருந்தது. தடுத்தது எண்ணம் ஒன்றுதான்!

தாய்மார்களே, "வராது" என்று நீங்கள் ஒதுக்கி வைத்தது எது? இன்றே ஒரு முறை முயன்று பாருங்கள்.