உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள்!

மாணவர்களே, தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செருப்பில்லாமல் நடந்துபோய் வந்த பிறகு நாம் எல்லாரும் செய்யும் ஒரு வேலை உண்டு. காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளங்காலைப் பார்ப்போம். கொப்புளம் வந்திருக்கிறதா, கல் குத்தியிருக்கிறதா என்று தேடுவோம். ஆண்டின் மற்ற நாள்களில் அதை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. இந்த வாரம் நாம் பேசப்போகும் நோய்க்கு அந்த உள்ளங்கால் மிக முக்கியமான இடம்.

படிவம் நான்கு வகுப்பில் புறஊதாக் கதிர்களைப் பற்றிப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவன் கேட்டான்: “டீச்சர், தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்குத்தானே வரும்? நாம்தான் கறுப்பாக இருக்கிறோமே!” வகுப்பே சிரித்தது. ஆனால், நல்ல கேள்வி. அவன் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்தானது.

முதலில் சரியான பாதியைப் பார்ப்போம். நம் மேல்தோலின் அடியில் மெலனோசைட் என்னும் நிறமி உயிரணுக்கள் இருக்கின்றன. இவை மெலனின் என்னும் நிறமியைத் தயாரித்து, பக்கத்திலுள்ள தோல் உயிரணுக்களுக்குக் கொடுக்கின்றன. அந்த நிறமி உயிரணுவின் உட்கருவுக்கு மேலே ஒரு குடைபோல் நின்று, டி.என்.ஏ.வைப் புறஊதாக் கதிர்களிடமிருந்து காக்கிறது. வெள்ளையர்களுக்கும் நமக்கும் இந்த உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு அவை தயாரிக்கும் மெலனின் அதிகம். அதனால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்கு மிகவும் குறைவு.

இந்த நிறமி உயிரணுக்களே கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கினால், அதுதான் மெலனோமா. தோல் புற்றுநோய்களில் மிகவும் ஆபத்தான வகைகளில் இதுவும் ஒன்று. ஏனெனில் இது நிணநீர், இரத்தம் வழியாக நுரையீரல், கல்லீரல், மூளை வரைக்கும் பரவக்கூடியது.

இனி ஆபத்தான பாதி. வெயில் அதிகம் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமா ஒன்று இருக்கிறது. இதற்கு வெயில் முக்கியக் காரணமில்லை. ஆகவே மெலனின் குடை இங்கு நம்மைக் காப்பாற்றாது. கறுப்பினத்தவர்களுக்கும் நம்மைப் போன்ற ஆசியர்களுக்கும் மெலனோமா வந்தால், பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது.

பாப் மார்லியைத் தெரியுமல்லவா? ரெகே இசையை உலகமெங்கும் கொண்டுபோன ஜமைக்கா பாடகர். பந்து விளையாட்டுப் பிரியர். அவருடைய கால் பெருவிரல் நகத்தின் அடியில் இருந்த புண்ணைப் பந்து விளையாடும்போது பட்ட காயம் என்றே நினைத்தார்கள். 1977-இல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை அகற்றும்படி மருத்துவர்கள் சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை. நகமும் அதைச் சுற்றியிருந்த திசுவும் மட்டும் அகற்றப்பட்டன. பின்னர் நோய் உடலெங்கும் பரவியது. 1981 மே 11-ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 36 மட்டுமே.

அப்படியென்றால் நகம் கறுத்தாலே பயப்பட வேண்டுமா? வேண்டாம். அறிவியல் மாணவர்களாக அளந்து பாருங்கள். அடிபட்டு நகத்தின் கீழ் இரத்தம் கட்டினால், நகம் வளர வளர அந்தக் கறுப்பும் முன்னோக்கி நகர்ந்து, அடியில் சுத்தமான நகம் தெரியும். கால் நகம் மாதத்திற்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே பக்கத்தில் அளவுகோலை வைத்து இரண்டு, மூன்று வாரத்திற்கு ஒருமுறை படம் எடுங்கள். கறுப்பு நகராமல் அங்கேயே இருந்தால், கோடாக அகன்றுகொண்டே போனால், அல்லது நகத்தைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் படர்ந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது சாதாரணம். ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றும் கோடுதான் கவனிக்கவேண்டியது.

மச்சங்களைச் சோதிக்க ஐந்து கேள்விகள் போதும். இரண்டு பாதியும் ஒன்றுபோல் இல்லையா? ஓரம் ஒழுங்கற்று இருக்கிறதா? ஒரே மச்சத்தில் பல நிறங்களா? குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு பென்சிலின் தடிமனுக்கு மேலா? அளவோ வடிவமோ மாறிக்கொண்டு வருகிறதா? இவற்றில் கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஆறாத புண், தானாக இரத்தம் கசியும் மச்சம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளேடால் சுரண்டுவது, கண்ட களிம்பைப் பூசுவது இரண்டும் வேண்டாம்.

சீக்கிரம் போவதில் என்ன இலாபம்? 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோயியல் நிபுணர், மெலனோமா தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் அளந்தால் நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். ஆழம் கூடக்கூட வாய்ப்பு குறைகிறது.

பரவிவிட்டாலும் இன்று வழியுண்டு. நம் நோய் எதிர்ப்பு உயிரணுக்களுக்கு இயற்கையிலேயே ‘பிரேக்’ உண்டு; அந்தப் பிரேக்கை விடுவித்துப் புற்றுநோயைத் தாக்கச் செய்யும் மருந்துகள் வந்துவிட்டன. இதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் மெலனோமா மூளைவரை பரவியிருந்தது. அறுவைச் சிகிச்சை, கதிரியக்கம், இந்த மருந்து ஆகியவற்றுக்குப் பிறகு, அவர் 100 வயதுவரை வாழ்ந்து 2024-இல் காலமானார். எல்லாருக்கும் இப்படிப் பலன் கிடைப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

வெயிலை அலட்சியப்படுத்தலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பினாங்கில் உச்சி வேளையில் புறஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 3 வந்தாலே பாதுகாப்பு தேவை. திடலில் பயிற்சி என்றால் தொப்பி போடுங்கள். வெளிர்நிறத் தோல் உள்ள நண்பர்கள் சன்ஸ்கிரீனும் பூசட்டும்.

உங்கள் வயதில் மெலனோமா மிக மிக அரிது. வயதானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் தாத்தா பாட்டியால் குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்க முடியுமா? நீரிழிவு இருந்தால் புண்ணின் வலிகூடத் தெரியாது. ஆகவே இந்த வாரக் கடைசியில் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பாட்டியின் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு, குதிகால், நகம் எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சந்தேகமாக ஏதாவது கண்ணில் பட்டால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். தேவையென்றால் அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

பார்த்த பிறகு பாட்டிக்குக் கால் பிடித்துவிடவும் மறவாதீர்கள்!